டான்ட்ரிட்ஜுக்கு வராத அழைப்பு

பேஸ்பாலில் மூன்றாவது பேஸ், கிரிக்கெட்டின் ஷார்ட் மிட்விக்கெட் மாதிரி. வலது கை ஆட்டக்காரர் இழுத்து அடிக்கும் பந்து அங்கேதான் சீறிக்கொண்டு வரும். அந்த இடத்தைக் காத்தவர்களில் ரே டான்ட்ரிட்ஜுக்கு ஈடானவர்கள் வெகு சிலரே. 1913-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர். கட்டுக்குட்டான உடம்பு, வில்லாய் வளைந்த கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவே ரயில்கூடப் புகுந்து போய்விடும், பந்து போகாது என்பார்கள். எதிரணி மெல்லத் தட்டிவிடும் பந்தை ஓடிவந்து வெறுங்கையால் அள்ளி, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிவார்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக், கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. கறுப்பர்களுக்கென்று தனியே இருந்த நீக்ரோ லீக்கின் நூவர்க் ஈகிள்ஸ் அணியில் வில்லி வெல்ஸ், டிக் சீ, மியூல் சட்டில்ஸ் ஆகியோரோடு இவரும் நின்ற வரிசைக்கு 'மில்லியன் டாலர் இன்ஃபீல்டு' என்று பெயர். கையில் கிடைத்ததோ சொற்பச் சம்பளம். நல்ல பணமும் மரியாதையும் கிடைத்த மெக்சிகோவுக்குப் போனார். 1940-களில் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் மேஜர் லீக்கில் ஆடி அந்தத் தடையை உடைத்தார். 1949-ல் மேஜர் லீக் அணியான நியூயார்க் ஜயண்ட்ஸ் டான்ட்ரிட்ஜை ஒப்பந்தம் செய்து, தன் துணை அணியான மினியாபொலிஸ் மில்லர்ஸுக்கு அனுப்பியது. அப்போது வயது 35. பேஸ்பாலில் பேட்டிங் சராசரி .300 இருந்தாலே நல்ல பேட்டர். அவர் அந்த ஆண்டு எடுத்தது .362! அடுத்த ஆண்டு .311, கூடவே அமெரிக்கன் அசோசியேஷன் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. 1951-ல் அதே அணிக்கு வந்த 20 வயது வில்லி மேஸுக்கு மூத்தவராக நின்று வழிகாட்டினார். மேஸ் 35 ஆட்டங்களில் .477 எடுத்தார், அவரை மேஜர் லீக்குக்கு அழைத்துக்கொண்டார்கள். டான்ட்ரிட்ஜை அழைக்கவே இல்லை.

வயதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். விருது வாங்கும் ஆட்டம் கண்முன்னே இருக்கும்போது பிறந்த தேதியைப் பார்ப்பானேன்? ஓர் அணிக்குக் கறுப்பர்கள் இத்தனை பேர் போதும் என்ற எழுதாத கணக்கு அன்று பல அணிகளில் இருந்தது. அவர் விஷயத்திலும் அதுதான் குறுக்கே நின்றது என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு நாளாவது மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

1987-ல் பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது, 1994-ல் காலமானார். 2020-ல்தான் நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி கிடைத்தது. 2024-ல் அந்தப் புள்ளிவிவரங்களும் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறின. ஆனால் அவருடைய உச்ச ஆண்டுகளில் பல மெக்சிகோவில் கழிந்தவை; அவை அந்தப் பட்டியலில் இல்லை. மினியாபொலிஸ் எண்களும் இல்லை. அவரை மற்ற மூன்றாவது பேஸ்காரர்களோடு ஒப்பிட உட்காருபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.