எந்த புரோசஸ் அனுப்பியது?
லேத் பட்டறைகளுக்குப் பேர்போன அம்பத்தூரில் இப்போது என்டிடி, எஸ்டிடி போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களும் எழும்பியிருக்கின்றன. அப்படியொரு மையத்தின் சர்வர் நள்ளிரவில் முன்பின் தெரியாத முகவரிக்கு எதையோ அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எது? அதைத் துப்புத் துலக்கும் வேலை எனக்கு அலுப்பதே இல்லை.

1988இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் சகாக்களும் எழுதிய டிசிபிடம்ப் என்ற கருவி, போகிற வருகிற பாக்கெட்டுகளை இன்றும் வரிவரியாகக் காட்டுகிறது. ஆனால் அனுப்பியவரை அடையாளம் காட்ட பாக்கெட்டில் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும்தான் இருக்கும். கதவு எண் மட்டும் எழுதி, அனுப்பியவர் பெயரை விட்டுவிட்ட தபால் அது.

இனிதான் ரசிக்க வேண்டிய இடம். லினக்ஸில் 'ப்ராக்' கோப்பகத்திலுள்ள டிசிபி பட்டியலைத் திறந்தால், அந்தப் போர்ட் இருக்கும் வரியிலேயே, அந்த இணைப்புக்குரிய அடையாளமாக ஓர் ஐநோட் எண் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோசஸும் திறந்துவைத்திருக்கும் கோப்புகளில் அதே எண்ணைத் தேட வேண்டும். பொருந்தினால், ஆள் அகப்பட்டாயிற்று. 'எஸ்எஸ்' கட்டளை இதை நொடியில் முடித்துவிடும். ஆனாலும் புதிதாக வருபவர்கள் ஒருமுறையாவது கையால் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன். லினக்ஸின் மையமான கர்னல் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

சில இணைப்புகள் நாம் பட்டியலைத் திறப்பதற்குள் முடிந்துபோகும்; ஐநோட் இருக்கும் இடத்தில் பூஜ்யம்தான் மிஞ்சும். அங்கே கைகொடுப்பது, கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓடவிடும் ஈபிபிஎஃப். புரோசஸ் இணைப்பு கேட்கும் கணத்திலேயே, கர்னலுக்குள் இருந்தபடி அதன் பெயரைக் குறித்துக்கொள்கிறது.