நூல் கோக்காத முதல் பாடம்

தையல் தெரிந்த எல்லாருக்கும் தையல் சொல்லிக்கொடுக்க வராது. பல வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிடுவதை நிறுத்தி நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டு முன்னறையில் வகுப்பு ஆரம்பிக்க ஒரு தையல்கார அக்கா ஆயத்தமாகும்போது நான் ரசிப்பது அந்தப் பிரிப்பைத்தான்.

மிதிமிஷினில் முதல் பாடத்துக்கு நூலே கிடையாது. கோடு போட்ட நோட்டுத்தாளை ஊசிக்கடியில் வைத்து ஓட்டச் சொல்வார்கள். புதியவர் மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுழன்றுவிடும்; நூல் இருந்தால் அறுந்து சிக்கி, பயம் பிடித்துக்கொள்ளும். தாளில் அந்தப் பயம் இல்லை. துளைகள் கோட்டின் மேலேயே விழும்வரை ஓட்டலாம். அடுத்து சதுரம்: மூலை வந்ததும் ஊசியை இறக்கி நிறுத்தி, மிஷின் பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்பும் பழக்கம் அங்கேயே படிந்துவிடும். தாள் ஊசிமுனையை மழுக்கும். அதற்காகவே பழைய ஊசிகளை ஒரு டப்பாவில் தனியே சேர்த்து வைக்கிறாரே, அவர் நல்ல ஆசிரியர்.

அதைவிட அழகு மாதிரி ஆல்பம். ஹெம்மிங், காஜா, ஹூக், பைப்பிங் என்று தைத்த துண்டுகள் எல்லா வகுப்பு ஆல்பத்திலும் ஒட்டியிருக்கும். தேர்ந்தவரோ முடித்த துண்டின் பக்கத்திலேயே பாதியில் நிறுத்திய துண்டையும் ஒட்டுவார். கூடவே, கழுத்துக்கு வைக்கும் பட்டித் துணியை 45 டிகிரி சாய்வில், கிராஸாக வெட்டியது ஒன்று, நேர்நூலில் வெட்டியது ஒன்று. வளைவில் எது படிகிறது, எது சுருங்குகிறது என்று விரலே சொல்லிவிடும்.

ப்ளவுஸுக்குக் கை ஏற்றுவதுதான் கடினமான பாடம். முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிட உள்வாங்கியிருக்கும். கைத்துணியின் வளைவும் அப்படியே. இடம் வலம் மாறினால் இழுக்கும். முன்பக்கம் எதுவென்று சின்ன வெட்டு அடையாளம் வைத்து, காடா துணியில் இரண்டு மூன்று முறை ஏற்றிப் பழக்கிய பிறகே நல்ல துணியில் கத்தரி வைக்கவிட வேண்டும்.

வகுப்புக்கு வேண்டிய மற்றவை சுலபம்: இரண்டு மிஷின், வெட்ட உயரமான மேசை, 14, 16 எண் ஊசிகள், எண்ணெய், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகான நேரம். சான்றிதழ் வேண்டுவோருக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என இரண்டு நிலை உண்டு.

தையல் வகுப்பில் சேரப் போகிறீர்களா? கட்டணம் கேட்பதற்கு முன் அந்த ஆல்பத்தை வாங்கிப் புரட்டுங்கள். பாதியில் நிறுத்திய துண்டுகள் அதில் இருந்தால், பேரம் பேசாமல் சேருங்கள்.