சாமானிய வாசகரின் அபிப்பிராயம்

(ஒரு தோட்டக் கிராணி எழுதுவது)

நூல்களைப் பற்றி அபிப்பிராயம் கூறும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி நம்மவரிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. இலக்கண இலக்கியங்களைப் பழுதறக் கற்றவருக்கே அவ்வுரிமை உண்டு என்பர் பண்டிதர். என்னைப் போல் ஆங்கிலப் பள்ளியில் வாசித்து வெளிவந்தோர், மேனாட்டு விமர்சன முறைகளை அறிந்தவருக்கே அது தகும் என்பர். மற்றெல்லாவற்றிலும் மாறுபடும் இவ்விரு திறத்தாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாய் இருக்கின்றனர். பகலெல்லாம் உழைத்துக் களைத்து, இரவில் ஒரு புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கும் தொழிலாளியும், வாசிக்கத் தெரியாமல் பிறர் வாசிக்கக் கேட்கும் மூதாட்டியும் கூறும் வார்த்தையை இருவருமே ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. "அவர்கள் நூலை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தக் கதையைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்" என்பது இவர்கள் கூறும் குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. எங்கள் தோட்டத்துப் படிப்பக அலமாரியின் சாவி சில ஆண்டுகளாக என் கையில் இருந்தது. கதைகளும் பாட்டுப் புத்தகங்களும் லயத்தாருக்கு; சரித்திரம், விஞ்ஞானம், பொருளாதாரம் முதலியவை ஆபீசில் உள்ளோர்க்கும் ஆசிரியர்க்கும் என்று நானே மனத்துக்குள் ஒரு பிரிவினை செய்து வைத்திருந்தேன். அப்படிச் செய்யும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை. அது சரிதானா என்று நானும் எவரையும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கதைப் புத்தகங்கள் யாவும் வெளியே போயிருந்தன. வந்திருந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, ரப்பர் மரத்தின் வரலாற்றைக் கூறும் ஓர் ஆங்கில நூலை எடுத்து, வாய்மொழியாகத் தமிழ்ப்படுத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றதையும், மறு ஆண்டில் லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததையும் கூறினேன். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் நல்ல முறையொன்றைக் கண்டார் என்றும் கூறினேன். அப்பொழுது, நாற்பது ஆண்டு பால் வெட்டிய ஒரு மூதாட்டி குறுக்கிட்டார்.

"கீறினா ஆகாதுங்க, கிராணி ஐயா. பட்டையைச் சீவணும். கட்டையிலே கத்தி பட்டா மரம் புண்ணாயிடும்."

நூலைத் திரும்பப் பார்த்தேன். ரிட்லியின் முறையில் இருந்த சிறப்பே அதுதான். கண்ட இடத்தில் ஆழமாகக் கீறுவதை விட்டு, ஒரே கோட்டில் பட்டையை மெல்லியதாய்ச் சீவினால் பட்டை மீண்டும் வளரும், மரமும் பல்லாண்டு பயன் தரும் என்பதே அவர் கண்டது. ஆங்கிலம் அறிந்த நான் தவறவிட்டதை, எழுத்தறியாத ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அதோடு அவர் நிறுத்தவில்லை. நான் முடித்தபின் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் சரிங்க, ஐயா. கப்பல் ஏறி வந்த கன்றுக்குக் கணக்கு இருக்குது. கொண்டாந்த தொரைக்குப் பேரு இருக்குது. கப்பல் ஏறி வந்த எங்க பாட்டனுக்கு இதுலே ஒரு வரி இல்லீங்களா?" என்றார்.

நூலை விட்டு விலகிச் செல்லுகிறாரே என்றுதான் முதலில் எண்ணினேன். அன்றிரவு அந்நூலை மறுபடியும் புரட்டியபோது, விலகியது அவரல்லர் என்று விளங்கிற்று. தோட்டங்கள் தோன்றிய வரலாற்றைப் பக்கம் பக்கமாய் எழுதிய ஆசிரியர், காடு அழித்த கைகளையும் பால் வெட்டிய கைகளையும் பற்றி ஏதும் கூறாமலே கடந்துவிட்டார். அக்குறையை நான் இருமுறை வாசித்தும் காணவில்லை. தம் பாட்டனைத் தேடியபடியால் அவர் கண்டார்.

இத்தகைய அனுபவம் என் போன்ற அரைகுறை வாசகனுக்கு மட்டுமே நேர்ந்ததென்று கருத வேண்டா. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்களுள் தலைசிறந்தவரான டாக்டர் உ. வே. சாமிநாதையருக்கும் இது நேர்ந்தது. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த அவரை, அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியை ஆராயும்படி தூண்டினார். ஐயரோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல காலம் பாடங் கேட்டவர். அங்ஙனமிருந்தும், சமண காவியமாகிய அதில் வரும் சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சூழலில் அந்நூலைப் பாடம் சொல்லுவார் இல்லை. அதனை விளக்க வல்லவர்கள், கும்பகோணத்தில் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்த ஜைனர்களே. அவர்களுள் ஒருவருடைய வீட்டுக்குச் சென்றபோது, அங்கு விசேஷ அலங்காரம் இருக்கக் கண்டு ஐயர் காரணம் வினவினார். சிந்தாமணி பாராயணம் அன்று நிறைவேறியது என்று விடை வந்தது! ஏட்டுச் சுவடியோடு தாம் தனியே போராடிக்கொண்டிருந்த நூல், சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்காக வாசிக்கப்பட்டு வந்தது என்பதை அறிந்து ஐயர் வியப்பெய்தினார். அதன் பின் தம் ஐயங்களை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஒப்புக்கொள்ளுதல் அவருடைய பெருமைக்கு ஓர் அடையாளம்.

ஒரே நூலை மக்கள் எத்தனை விதமாகக் கொண்டார்கள் என்பதையும் இங்குக் கவனிக்க வேண்டும். சீவகன் எண்மரை மணந்த கதையாதலின், இன்பச்சுவை விரும்பியோர் அதை மணநூல் என்றனர். சோழ மன்னன் அதில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு வருந்திய சேக்கிழார், அவன் மனத்தைத் திருப்பவே பெரிய புராணம் பாடினார் என்று சைவர் வழங்கும் வரலாறு கூறுகிறது. சீவகன் முடிவில் அரசைத் துறந்து தவம் மேற்கொள்ளுவதை அறிந்து வாசித்த ஜைனருக்கோ அது அறநூல். சமய வேற்றுமை காரணமாகப் பலர் தள்ளி வைத்ததை, அதனோடு ஒட்டி வாழ்ந்த சாமானியர் பொருள் கெடாமல் காப்பாற்றி வைத்திருந்தனர்.

காப்பியத்தில் மட்டுமா இந்நிலை? முற்றும் வேறான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுவோம். 1918-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மேரி ஸ்டோப்ஸ் என்னும் அம்மையார் கணவன் மனைவியரின் உடல் வாழ்க்கையைப் பற்றி 'மாரீட் லவ்' என்றொரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் அது ஆபாச நூலென்று 1931 வரை தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வாசகர்களிடமிருந்து அம்மையாருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. நடை எப்படி, வாதம் எப்படி என்று எழுதுவதற்கு மாறாக, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று நலிந்த தாய்மார் தங்கள் வேதனையைக் கூறி, இதற்கு வழி என்ன என்று வினவினர். கருத்தடையை விளக்கும் இரண்டாம் நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. 1921-இல் லண்டனில் ஒரு மருத்துவ நிலையமும் திறக்கப்பட்டது. தொழிலாளர் வீட்டுத் தாய்மார் எழுதிய கடிதங்களே 1929-இல் ஒரு நூலாயின. ஏழைகளையும் நலிந்தவர்களையும் பற்றி அம்மையார் கொண்டிருந்த சில எண்ணங்கள் கண்டிக்கத் தக்கவை. அத்தாய்மாரோ தங்களுக்கு வேண்டியதை அந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, அதில் இல்லாததைத் துணிந்து கேட்டனர். இது வாசிப்பு அன்று என்று எவர் சொல்லத் துணிவார்?

இவ்வளவும் கூறியதனால், சாமானிய வாசகர் சொல்லுவதெல்லாம் வேதவாக்கு என்பது என் கருத்தன்று. பண்டிதரை அப்படியே நம்புதல் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும். தன் வாழ்க்கையை நூலுக்குள் கொண்டு செல்லுவோர், சில வேளை தன்னை மட்டுமே கண்டு திரும்பிவிடுவதுண்டு. அமெரிக்கரான அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' என்னும் நாவல் இதற்குத் தக்க சான்று. சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் வந்தேறிய தொழிலாளர் படும் பாட்டை உலகுக்கு எடுத்துக்காட்டவே அவர் அதை எழுதினார். லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் சிறிது சிறிதாக அழிவதே கதை. ஒரு பொதுவுடைமை வாரப் பத்திரிகையில் தொடராய் வந்து, 1906-இல் அது நூலாயிற்று. நாடே கொதித்தெழுந்தது. எதற்காக? தாங்கள் உண்ணும் இறைச்சியில் அழுகலும் அழுக்கும் கலந்திருந்தன என்பதற்காக. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் பிறந்தன. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் அவ்விறைச்சியை வெட்டிய தொழிலாளியின் கூலியும் வேலை நேரமும் இருந்தபடியே இருந்தன. மக்களின் இருதயத்தைத் தொட முயன்று அவர்களுடைய வயிற்றைத் தொட்டுவிட்டேன் என்ற கருத்தில் ஆசிரியர் வருந்தினார்.

எனவே, வாசகர் தம் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது குற்றமாகாது. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் குற்றம். அத்தாய்மார் கேட்டனர், விடை பெற்றனர், மேலும் கேட்டனர். சிகாகோ இறைச்சியை வாங்கி உண்டோர் தங்கள் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் நூலை மூடிவிட்டனர்.

நின்றுவிடாமல் மேலே செல்லுவதற்கு உதவுவது கூடி வாசித்தல் என்பது என் துணிபு. கியூபா தீவின் சுருட்டுத் தொழிலாளரிடம் நாம் கற்க வேண்டியது இதுவே. 1865-இல் ஹவானா நகரத்துத் தொழிற்சாலையொன்றில் ஒரு வழக்கம் தொடங்கிற்று. தொழிலாளர் வரிசை வரிசையாய் அமர்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் உயர்ந்த மேடையிலிருந்து உரக்க வாசிப்பார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தங்கள் கூலியிலிருந்து கொடுப்பர். எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்துத் தீர்மானிப்பர். பத்திரிகைச் செய்தி, அரசியல், சரித்திரம், நாவல் யாவும் வாசிக்கப்பட்டன. ஒரு பகுதி பிடித்துவிட்டால், புகையிலை நறுக்கும் கத்தியைப் பலகையில் தட்டி ஆரவாரிப்பர். டூமாஸ் எழுதிய மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதையை அவர்கள் விரும்பிக் கேட்டதனாலேயே ஒரு சுருட்டு வகைக்கு அப்பெயர் வந்தது என்பர். 1866-இல் அரசாங்கம் இவ்வாசிப்பைத் தடை செய்தது. பின்னர் அது மீண்டும் தழைத்தது. அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடியேறிய தொழிலாளர் அதை உடன் கொண்டு சென்றனர். அங்கு 1931-இல் முதலாளிகள் பொதுவுடைமைப் பிரசாரம் என்று காரணம் காட்டி வாசிப்போரை வெளியேற்றினர். மேடை இருந்த இடத்தில் ரேடியோ வந்தது. கியூபாவிலோ இவ்வழக்கம் இன்றும் அழியவில்லை.

முதலாளிகள் ஏன் அஞ்சினர்? தனியே வாசிப்பவன் நூலில் தன் வயிற்றை மட்டும் கண்டு நின்றுவிடலாம். நூறு பேர் ஒன்றாய்க் கேட்கும்போது, ஒருவன் காணாததை அடுத்தவன் காண்கிறான். தன் குறையைச் சொல்ல எழுந்தவன், அது தன் ஒருவனுடைய குறை மட்டுமன்று என்று அறிந்து அமர்கிறான். அவர்கள் அஞ்சியது இதைத்தான் என்று கொள்ள இடமுண்டு.

எங்கள் படிப்பகத்துக்குத் திரும்புவோம். மூதாட்டியின் கேள்விக்கு விடை தேடி, 1969-இல் வெளிவந்த கெர்னியல் சிங் சந்து என்னும் அறிஞரின் 'இந்தியன்ஸ் இன் மலாயா' என்ற பெருநூலைத் தருவித்தேன். சில வாரங்கள் ஞாயிறுதோறும் அதிலிருந்து பகுதிகளைத் தமிழாக்கிச் சொன்னோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டதையும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசாங்கம் விதித்த தடையால் முடிவுற்றதையும் அன்றுதான் பலர் முதன்முறையாகக் கேட்டனர். தம் பாட்டனுக்கு ஒரு வரி கேட்ட மூதாட்டி, இப்பொழுது வேறு கேள்வி கேட்டார்: "ஒப்பந்தத்திலே வந்து, முடிக்கிறதுக்குள்ளே செத்தவங்க பிள்ளைங்க என்ன ஆனாங்க?" தம் குடும்பத்தைத் தாண்டி, தாம் அறியாத பிறருடைய பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்டார். அக்கேள்விக்கு உரிய நூலை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தோட்டங்களிலும் பட்டணத்துச் சங்கங்களிலும் நூல்நிலையப் பொறுப்பு வகிக்கும் என் சகோதரக் கிராணிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இவர்களுக்கு இது போதும்" என்று நாமே தீர்மானிக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை வாசிப்போரும் கேட்போரும் கூடித் தயாரிக்கட்டும். வாசித்து முடித்ததும் எழுந்து போய்விடாமல், வந்தோர் கூறுவதை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். நூலாராய்ச்சி எழுதும் அறிஞர்களும் அந்நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. அவர்களுடைய கல்விக்கு அதனால் குறைவு வந்துவிடாது, சாமிநாதையருக்கு வரவில்லை.

எங்கள் அலமாரியின் சாவி இப்பொழுது என்னிடம் இல்லை. அது படிப்பகத்துக் கதவருகே ஆணியில் தொங்குகிறது. வேண்டியவர் எடுத்துத் திறந்துகொள்ளலாம்.