குடம் இருக்கு, கிடாரும் இருக்கு

மூன்று நிமிஷத்தில் முடிய மறுக்கும் ராக் இசைக்கு புரோகிரஸிவ் ராக் என்று பெயர். ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொள்ளும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், கிடார் அலறிக்கொண்டிருக்கும்போதே புல்லாங்குழல் நுழையும். இங்கிலாந்தின் 'ஜெத்ரோ டல்' குழு 1972-ல் 'திக் அஸ் எ பிரிக்' என்று ஓர் இசைத்தட்டு போட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு, நாற்பது நிமிஷத்துக்கு மேல். ராக் ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள்.

நாஞ்சில் நாட்டுக்காரர் யாரும் இதற்கெல்லாம் அசர மாட்டார். நாற்பது நிமிஷமா? எங்க ஊர் இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டு அந்த நேரத்தில் நாட்டு வளத்தையே தாண்டியிருக்காதே என்பார்.

ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வில்லிசையின் கட்டுமானத்தைப் பாருங்கள். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில் வாழி. பாட்டு பேச்சாகும், பேச்சு பாட்டாகும். அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பாடுவார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். கதையில் கொலை நெருங்க நெருங்க வேகம் ஏறும். உடுக்கை உச்சத்துக்குப் போகும்போது சாமியாடி எழுந்து ஆடுவார். இங்கே வந்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்துக்கு, 'பிறப்பையும் இறப்பையும் பாடுவது' என்ற அர்த்தத்தில்தான் தலைப்பு வைத்தார். நீளம், கதை, தாள மாற்றம், உச்சம் என்று ராக்காரர்கள் தேடி அலைந்த எல்லாமே இதில் இருக்கிறது.

சரி, சொந்த மண்ணின் பாட்டை ராக் குழுக்கள் என்ன செய்கின்றன? ஜெத்ரோ டல்லையே எடுத்துக்கொள்வோம். 1977-ல் வந்த 'ஸாங்ஸ் ஃப்ரம் த வுட்' தட்டில் இங்கிலாந்தின் கிராமத்து நம்பிக்கைகளும் காட்டு தேவதைகளும் வருகின்றன. பழைய மெட்டு ஒன்றை எடுத்து டிரம்ஸ் சேர்க்கிற வேலை இல்லை அது. பாட்டு யோசிக்கிற விதமே கிராமத்துடையது.

நமக்கு அடுத்த வீட்டுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண்ணுதானே! தெற்குக் கேரளத்திலும் வில்லுப்பாட்டு உண்டு. கொச்சியின் 'மதர்ஜேன்' அசல் புரோகிரஸிவ் ராக் குழு. 2008-ல் வந்த அவர்களின் 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கிடாரைக் கேளுங்கள். கம்பியை இழுத்து இழுத்து, கமகத்தில் பேச வைக்கிறார். கிடார் நம்ம பக்கத்து ஆள் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் வார்த்தைகள் ஆங்கிலம். வாய் ஓர் ஊரில், விரல் ஓர் ஊரில்.

அதே 2008-ல் திருவனந்தபுரத்தின் 'அவியல்' வேறு வழியில் போனது. ஆல்டர்நேடிவ் ராக் வகை, பாடுவது மலையாளத்தில். அந்த ஆல்பத்தில் உள்ள 'ஆடு பாம்பே' ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. தலைப்பைக் கேட்டதும் நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம் வருகிறதா? வரணும். குரு தமிழும் சித்தர் மரபும் அறிந்தவர். நம்ம மருந்துவாழ்மலைக் குகையில் தவம் இருந்தவர். தமிழ்ச் சித்தரின் பாம்பு குருவிடம் போய், அங்கிருந்து எலெக்ட்ரிக் கிடாருக்குள் புகுந்து ஆடுகிறது. அருமையான பாட்டு. ஒரே ஒரு குறை. சொல் மண்ணுடையது, அளவு ரேடியோவுடையது. சாமி வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

பெங்களூரின் 'அகம்' போன்ற குழுக்கள் கர்நாடக இசையை ராக்கில் நன்றாகவே கலந்துவிட்டன. கீர்த்தனைக்குப் புத்தகம் உண்டு, குரு உண்டு, சபா உண்டு, வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். வில்லிசையைக் கற்க கோயில் வாசலில் விடிய விடிய உட்கார வேண்டும்.

வில்லு ஏற்கெனவே ஒருமுறை ஊரைவிட்டுப் போய் வந்திருக்கிறது. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சினிமாவுக்கும் நகரத்து மேடைக்கும் கொண்டுபோனார். அவர் சென்னைக்கு அழைத்துவந்த சுப்பு ஆறுமுகம், 2022-ல் மறையும்வரை அதைக் கைவிடவில்லை. இருவரும் இல்லையென்றால் பாதித் தமிழ்நாட்டுக்கு வில்லுப்பாட்டு என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனால் போகிற வழியில் ஒன்று விடுபட்டது. நகரத்து வில்லில் சிரிப்பு இருந்தது, காந்தி கதை இருந்தது, 'ஆமாம்' போட ஆள் இருந்தார். பயம் இல்லை.

கொடையில் பாடும் கதைகள் பலவும் அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். நகைக்கு ஆசைப்பட்டவனால் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டு, மறுபிறவியில் நீலியாக வந்து பழிதீர்த்தவள்தான் இசக்கி. சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்த பிராமணன் முத்துப்பட்டனும் அப்படிச் செத்து சாமியானவன். சாதியும் பேராசையும் கொன்றவர்களை ஊரே கூடி உட்கார்ந்து அழுது கும்பிடுகிற பாட்டு இது. இந்தக் கோபத்தை மெல்லிசைக் கச்சேரி தாங்காது. ராக் தாங்கும். அதற்காகவே பிறந்த சங்கீதம் அது.

கிடாரோடு வரப்போகும் பையன்களுக்கு இரண்டு யோசனைகள். உடுக்கைச் சத்தத்தை ஐந்து செகண்ட் வெட்டி எடுத்துப் பாட்டின் தலையில் ஒட்டாதீர்கள். கணக்குப்பிள்ளை பாஷையில் அது விளம்பரச் செலவு, முதலீடு ஆகாது. எடுப்பதானால் அந்த ராத்திரியின் அமைப்பை எடுங்கள். அண்ணாவி பெயரை ஆல்பத்தில் போட்டு, சம்பளத்தையும் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, ஒன்பது மணிக்கு வந்து ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு பத்து மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடாதீர்கள். நீலி பழிவாங்க வருவதற்கு நேரமாகும்.