ஏவலாள் எழுந்த நாடகம்

ரோபோ! பள்ளிச் சிறுவனும் அறிந்த சொல். ஆயின், அச்சொல் பிறந்த இடம் ஆராய்ச்சிக் கூடமன்று, நாடக மேடை! செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் நூலாக்கி, 1921 சனவரியில் பிராகு நகரத் தேசிய அரங்கில் ஆடப்பட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகமே அதன் தொட்டில். இலத்தீன் வாடை வீசும் வேறொரு பெயரைச் சூட்ட நினைத்தவருக்கு இச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசப், ஓவியர். ‘ரொபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய வெட்டி வேலை. பொகீமிய மண்ணில் சட்டப்படி அது ஒழிந்தது 1848-ல். ஒழிந்த வெட்டிக்குப் புது உடல் கொடுத்து மேடையேற்றினார் சாப்பெக்!

ரோசம் ஆலையில் உருவாவன இரும்புப் பொம்மைகளல்ல. தசையும் நரம்பும் கொண்டு, பார்வைக்கு மனிதராகவே நடமாடும் உருவங்கள். ஆசையில்லை, அச்சமில்லை, கூலி கேட்கும் நாவுமில்லை! தானியம் குவியும், துணி மலியும், பாடுபட்டுத் தேயும் மனிதனே இரான் என்று கனவு காண்கிறார் தலைமை நிர்வாகி டொமின். அவர் கயவரல்லர், மெய்யாகவே நம்புகிறார். நாடகத்தின் வலிவே அங்குதான்.

விளைந்ததென்ன? அமெரிக்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து ரோபோக்களை நொறுக்கினர். உடனே ரோபோக்களின் கையில் துப்பாக்கி தரப்பட்டது, கிளர்ந்தவரைச் சுட! பின்னர் அரசுகள் அவற்றையே பட்டாளமாக்கின, போர்மேல் போர். இவ்வளவு பெரிய செய்தியைச் சாப்பெக் உரையாடலின் நடுவே ஓரிரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். முதல் உலகப் போரின் பிணவாடை மாறாத நாளில் பார்த்தோருக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

உலக ரோபோக்களனைத்தும் ஒன்றாக எழுகின்றன. டொமினுக்கு அப்போதும் புத்தி வரவில்லை, யோசனை வருகிறது! நாட்டுக்கொரு ஆலை வைத்து, நிறம் வேறாய், மொழி வேறாய் ரோபோக்களைச் செய்தால் அவை தம்முள் பகைத்துக்கொண்டே கிடக்குமாம். இந்தச் சூழ்ச்சிக்கு விஞ்ஞானம் எதற்கு, தோழர்களே? ஆண்டவர்களெல்லாம் அறிந்த பழைய வித்தைதானே! கணக்கர் புஸ்மனோ, கட்டுக்கட்டாகப் பணத்துடன் பேரம் பேசப்போய் மின்வேலியில் சாய்கிறார். மனிதரில் மிஞ்சுபவர் அல்குவிஸ்டு ஒருவரே. காரணம், தங்களைப்போல் அவரும் கைகளால் வேலை செய்கிறார் என்கின்றன ரோபோக்கள்.

குறை உண்டா? உண்டு. ரோபோக்களைச் செய்யும் முறை எழுதிய ஏடு எரிந்துபோயிற்று; அவற்றின் இனமும் அழியப்போகிறது. இச்சிக்கலை அறிவால் அவிழ்க்காமல், இரு ரோபோக்களுக்குள் காதல் மலர்ந்ததெனக் காட்டி, அவர்களை ஆதாம் ஏவாளாக்கி, விவிலியத்தை ஓதவிட்டுத் திரையை இறக்குகிறார் ஆசிரியர். அதுவரை கேள்வி கேட்டவர் ஆமென் சொல்லி அமர்ந்துவிட்டார்!

மற்றொன்று, இதனினும் பெரிது. 1923-ல் இலண்டன் இதழொன்றில், நாடகத்தில் மோதுகிறவர் ஒவ்வொருவர் பக்கமும் உண்மை இருக்கிறது என விளக்கம் தந்தார் சாப்பெக். ஏவியவனுக்கும் ஏவப்பட்டவனுக்கும் ஒரே தராசா? நாடகமே அதை ஒப்பவில்லையே! கையால் உழைத்தவனை மட்டும் உயிரோடு விட்டது அவர் எழுதுகோல்தானே?

1938 டிசம்பரில் சாப்பெக் மறைந்தார். 1939 மார்ச்சில் இட்லரின் படை பிராகினுள் புகுந்தது. அவ்வாண்டே சிறைப்பட்ட யோசப், 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார். தம்பி உயிருடனிருந்து அதைக் கண்டிருந்தால், அந்த விளக்கத்தை மீண்டும் எழுதியிருப்பாரா?