களரியும் கரும்பலகையும்: படுவான்கரையில் பன்முக எழுத்தறிவு

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து உன்னிச்சைப் பக்கமாக மண்முனை மேற்கின் வயல்கள் விரிகின்றன. கன்னன்குடா போன்ற ஊர்களில் கூத்து இன்னும் உயிரோடிருக்கும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை இது. இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி என்றதும் பேச்சு பரீட்சைப் பெறுபேற்றில் போய் நிற்கிறது. தாளில் எழுதிக் காட்டாத அறிவு கணக்கில் வருவதில்லை.

அந்தக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கியது, நியூ லண்டன் குழு எனப்பட்ட பத்துக் கல்வியாளர்கள் 1996இல் 'ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவியூ' இதழில் பன்முக எழுத்தறிவு பற்றி எழுதிய கட்டுரை. சொல்லைப் போலவே படமும் ஒலியும் உடலசைவும் இட அமைப்பும் பொருள் தருகின்றன என்றார்கள். அனுபவத்தில் தோய்தல், வெளிப்படையாக விளக்குதல், விமரிசித்தல், புதிய சூழலில் மாற்றிப் பயன்படுத்தல் என்று கற்பித்தலுக்கு நான்கு கூறுகளை வகுத்தார்கள். பின்னாளில் பல இடங்களில் இந்த அணுகுமுறை கணினித் திரையை வகுப்புக்குள் கொண்டுவரும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

படுவான்கரையில் திரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; கூத்து இருக்கிறது. சட்டங்கொடுத்தலில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளறிந்து பாத்திரம் பிரித்துக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கையணிதல், அரங்கேற்றம். வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் சபையோர் நாற்புறமும் இருப்பதால் ஆடுபவர் எந்தத் திசைக்கும் முதுகுகாட்டி நின்றுவிட முடியாது. வரவுத் தாளத்தைக் கேட்டே வருவது அரசனா வேறு பாத்திரமா என்பதைப் பழகிய சபை அறியும். பாட்டு, மத்தளம், கால், திசை நான்கையும் ஒரே நேரத்தில் பிடித்து ஆடும் பிள்ளையை 'வாசிப்பில் பின்தங்கியவன்' என்று ஒதுக்குவது எப்படி?

கூத்து பற்றிய ஆய்வு மரபும் வலுவானது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' கூத்தின் அமைப்பை விரிவாகப் பதிந்தது. சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் நடத்திய கூத்து மீளுருவாக்கம், ஊராரோடு அமர்ந்து, பிரதியிலுள்ள சாதி, பால் பாகுபாடுகளை விவாதித்து மாற்றி எழுதியது. நியூ லண்டன் குழு விமரிசனம் என்றது இதைத்தான். அதேபோல, ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த மரபை வகுப்பறையும் கேள்வி கேட்காமல் எடுத்தாளக்கூடாது.

பாடசாலைக்குள் கூத்து ஏற்கெனவே நுழைந்துவிட்டது, தமிழ்த்தினப் போட்டியின் வாசல் வழியாக. போட்டி முடிந்ததும் சான்றிதழோடு நின்றுவிடுகிறது; பாடங்களுக்குள் வருவதில்லை. 'எட்டு' ஆட்டத்தின் தடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தால் சமச்சீரும் சுழற்சியும் கணித பாடமாகின்றன. கூத்துப் பாடல்களான விருத்தத்தையும் தருவையும் பாடிக் காட்டியபின் யாப்பைச் சொன்னால் காது முன்பே ஒத்துக்கொள்ளும்.

கூத்தைப் போலவே வாவியும் பாடமாகலாம். மழை குறைந்த காலத்தில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைக்கும். பெரும்போக மழையில் நீர் ஏறித் தாழ்ந்த வயல்கள் மூழ்கும்போது அந்தத் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் உப்புத்தன்மையும் மீன்வரவும் மாறும். புவியியலுக்கு வரைபடம், விஞ்ஞானத்துக்கு உவர்த்தன்மை, கணிதத்துக்கு மழைவீழ்ச்சி வரைபு, குடியியலுக்கு விவசாயி, மீனவர் ஆகியோரின் வாதம், தமிழுக்குப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம்: ஒரே நிகழ்விலிருந்து ஐந்து பாடங்கள்.

2007இல் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டமும் பாடசாலை மட்டக் கணிப்பீடும் இத்தகைய கற்பித்தலுக்கு இடம் தருகின்றன. ஆனால் சாதாரண தரப் பரீட்சை பெரும்பாலும் எழுத்தையே கேட்கிறது. ஆகவே, ஆடியதையும் வரைந்ததையும் பிள்ளை தன் சொல்லில் எழுதிமுடிக்கும் வரை பாடம் முடியவில்லை என்று ஆசிரியர் கருதவேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் நகரப் பிள்ளைக்குச் சான்றிதழ்க் கல்வி, படுவான்கரைப் பிள்ளைக்குக் கலைநிகழ்ச்சி என்ற பழைய பிரிவினையே புதுப்பெயரில் தொடரும்.