கோவையிலும் கருவி செய்வோம்

"நீங்கள் கருவியைப் பாவிக்கிறீங்கள் அண்ணை, நாங்கள் கருவியையே செய்யிறம்" என்றார் கொழும்பில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கோவை ஆளான எனக்குச் சுருக்கென்றது.

சொன்னதில் பொய் இல்லை. 2005-இல் சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் தொடங்கிய இலங்கையின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், 'பாலரினா' என்று ஒரு நிரல்மொழியையே உருவாக்கியிருக்கிறது. அவர்களுடைய 'கோரியோ' தளத்தில் கிட் ரெப்போவை இணைத்துவிட்டால், பில்ட், டெப்லாய் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதற்காகக் கோவை கையைக் கட்டிக்கொண்டா இருக்கிறது? 2011-இல் சரவணகுமார் தொடங்கிய கோவை.கோ, மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரை நிர்வகிக்க பிஸ்டாக்360 செய்தது; பிறகு அதே மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஷூருக்கும் கருவி செய்தது. ஊர்ப் பெயரையே கம்பெனிக்கு வைத்தவர்கள்.

தம்பி விடவில்லை. 2022-இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டபோது, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்போதே அவர்கள் நிரலை புஷ் செய்துவிடுவார்களாம். மிச்சத்தை முகில் பார்த்துக்கொள்ளுமாம். (கிளவுட்டை முகில் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.) அந்த முகில் இருப்பது சிங்கப்பூரிலோ மும்பையிலோதானே என்றேன். அமேசானுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இலங்கையில் கிளவுட் ரீஜன் இல்லை. அஷூருக்குச் சென்னையில் 2015 முதலே உண்டு. "கோயம்புத்தூரில இல்லையே அண்ணை" என்றார்.

இல்லைதான். ஆனால் பில்ட், டெப்லாயைத் தானியங்கியாக்கத் தொடங்குகிற விதத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு நிதானம் உண்டு. முன்பெல்லாம் கோவை சரவணம்பட்டி ஆபீஸ்களில் மூலையில் கிடக்கும் பழைய மெஷினில், பில்ட் ஓட்டும் ஜென்கின்ஸ் ஏற்றி, 'அணைக்காதீர்கள்' என்று காகிதம் ஒட்டிவைப்பார்கள். 2019-இல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லோருக்கும் திறந்த பிறகு, ரெப்போவுக்குள் ஒரு யாமல் ஃபைல் போதும். புஷ் செய்ததும் எங்கோ ஒரு வாடகை மெஷின் எழுந்து டெஸ்ட்டை ஓட்டிவிட்டு மறைந்துவிடும். புதுப் பையன்களிடம் சீனியர்கள் சொல்வது: "முதல்ல டெப்லாய் பக்கமே போகாதீங்க. புஷ்ஷுக்கு ஒரு பில்ட், டெஸ்ட், அவ்வளவுதானுங்க. அது நிலைச்சதும் ஸ்டேஜிங். புரொடக்‌ஷனுக்கு மட்டும் ஒரு ஆள் பார்த்து அழுத்தட்டும். பாஸ்வேர்டு யாமல்ல வேண்டாம், சீக்ரெட்ஸ்ல வையுங்க."

கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போக்களுக்கு மொத்தம் மாதம் 2,000 நிமிடம் இலவசம். அதைத் தாண்டாமல் ஓட்டுவது எங்கள் ஊருக்கே உரிய கெட்டிக்காரத்தனம். ரீட்மீ ஃபைல் மட்டும் மாறினால் பில்ட் ஓடாதபடி ஃபில்டர் போடுவதைக் கொழும்பில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கிறார்கள்?